இரண்டு ஜனவரி 23கள்

1986 ஜனவரி 23. அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் நாசாவின் மார்ஷல் மையத்தில், ராக்கெட் பாகங்களில் தென்படும் சிக்கல்களை எண் போட்டுப் பதிந்துவைக்கும் முறை ஒன்று இருந்தது. அதில் ஒரு பதிவு அன்றைக்கு மூடப்பட்டது. விண்வெளி ஓடத்தை மேலே தூக்கிச் செல்லும் திட எரிபொருள் ராக்கெட்டின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம் சூட்டில் அரிபடுகிறது என்பதுதான் சிக்கல். அரிப்பு நிற்கவில்லை. மாற்று வடிவமைப்பும் வந்து சேரவில்லை. ஆனாலும் பதிவு மூடப்பட்டது. தவறுதலாக நடந்துவிட்டது என்று பிற்பாடு விசாரணையில் விளக்கம் சொன்னார்கள். ஐந்து நாள் கழித்து, ஜனவரி 28 காலை 11:38க்கு, சாலஞ்சர் ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பி 73ஆவது நொடியில் சிதறியது. அதே ரப்பர் வளையம்தான். ஏழு பேர் இறந்தார்கள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இதைப் படித்தால் வயிற்றைப் பிசையும். "டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு" என்பதற்கும் "பிரச்சினை தீர்ந்துவிட்டது" என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ரிலீஸுக்கு முந்தைய வாரம் திறந்திருக்கும் டிக்கெட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து மெயில் வரும். எண்ணிக்கையைத்தான், பிழைகளை அல்ல. நல்லவேளை, எங்கள் மென்பொருளில் யாரும் ஏறி உட்கார்ந்து பறக்கவில்லை.

சாலஞ்சர் கதை பலருக்கும் ஒரு வடிவத்தில் தெரியும். பொறியாளர்கள் எச்சரித்தார்கள், மேனேஜர்கள் கேட்கவில்லை, ஏழு உயிர் போனது. இதில் பொய் ஒன்றும் இல்லை. அமெரிக்க மக்களின் கோபமும் இந்தக் கதையைக் கேட்டு எழுந்ததுதான். நியாயமான கோபம். ஆனால் ஆவணங்களைப் படிக்கப் படிக்க, இந்தக் கதை நமக்கு ரொம்ப வசதியானது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அந்த எச்சரிக்கைகளை யாரும் குப்பையில் போடவில்லை. வாங்கினார்கள், எண் கொடுத்தார்கள், கூட்டம் போட்டுப் பேசினார்கள், கையெழுத்து வைத்தார்கள், கோப்பில் சேர்த்தார்கள். பிறகு பறந்தார்கள்.

முதலில் அந்த வளையம். ஓடத்தின் இரு பக்கமும் நிற்கும் வெள்ளை ராக்கெட்டுகள் ஒவ்வொன்றும் 45 மீட்டர் உயரம். யூட்டா மாநிலத்தில் மார்ட்டன் தயாகால் என்ற நிறுவனம் அவற்றைத் துண்டு துண்டாகச் செய்து ரயிலில் அனுப்பும். ஃப்ளோரிடாவில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். துண்டுகள் சேரும் இடத்தில் உள்ளே எரியும் வாயு வெளியே வராமல் அடைப்பதற்கு இரண்டு ரப்பர் வளையங்கள், ஓ-ரிங் என்பார்கள். விட்டம் 3.7 மீட்டர், தடிமன் 7 மில்லிமீட்டர். பிரஷர் குக்கரின் கேஸ்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கூடம் அளவுக்கு. பற்றவைத்ததும் உள்ளழுத்தத்தால் உலோகச் சுவர் லேசாகப் புடைக்கும், இணைப்பில் இடைவெளி விரியும். நொடியின் ஒரு பங்குக்குள் ரப்பர் அந்த இடைவெளியைத் துரத்திப் பிடித்து அடைக்க வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். துரத்தாது.

ஜனவரி 27 இரவு ஃப்ளோரிடாவில் வெப்பநிலை மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் என்று முன்னறிவிப்பு. அதுவரை நடந்த பறப்புகளில் மிகக் குளிரானது 1985 ஜனவரியில், வளையத்தின் வெப்பநிலை 12 டிகிரி இருந்தபோது. அந்தப் பறப்பு முடிந்து ராக்கெட்டைக் கடலிலிருந்து மீட்டுப் பிரித்துப் பார்த்த தயாகால் பொறியாளர் ரோஜர் போஷொலே, இரண்டு வளையங்களுக்கும் நடுவிலிருந்த மசகு கன்னங்கரேலென்று இருப்பதைக் கண்டார். முதல் வளையத்தைத் தாண்டிப் புகை போயிருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 31 அன்று அவர் தன் துணைத் தலைவருக்குக் குறிப்பு எழுதினார். உடனே கவனிக்காவிட்டால் உச்சபட்சப் பேரழிவு நடக்கும், மனித உயிர்கள் போகும் என்று, சுற்றி வளைக்காமல். அக்டோபரில் அவருடைய சகா பாப் எபலிங் எழுதிய குறிப்பின் முதல் சொல்லே "உதவி!" என்பதுதான்.

27 இரவு மூன்று ஊர்களை இணைத்து ஒரு தொலைபேசிக் கூட்டம். மொத்தம் 34 பேர். 12 டிகிரிக்குக் கீழே ஏவக் கூடாது என்று தயாகால் சொன்னது. மார்ஷல் மையத்தின் ஜார்ஜ் ஹார்டி, இந்தப் பரிந்துரை தன்னைத் திகைக்க வைக்கிறது என்றார். திட ராக்கெட் திட்ட மேலாளர் லாரன்ஸ் முல்லாய், அப்படியானால் நான் எப்போதுதான் ஏவுவது, ஏப்ரலிலா என்று கேட்டார். ஏற்கெனவே பல முறை தள்ளிப்போன பறப்பு. அன்று காலைகூட கதவுக் கைப்பிடியின் ஒரு போல்ட் கழன்று வராமல் அடம்பிடித்து, அதற்குள் காற்று பலத்து, ஏவுதல் ரத்தாகியிருந்தது. தயாகால் ஆட்கள் ஐந்து நிமிடம் தனியாகப் பேசிக்கொள்கிறோம் என்று இணைப்பை நிறுத்தினார்கள். அரை மணி நேரம் ஆனது. போஷொலேயும் ஆர்னி தாம்சனும் படங்களை எடுத்துக்கொண்டு மேலாளர்களின் மேசைக்கே போய் மறுபடி விளக்கினார்கள். எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். பொறியியல் துணைத் தலைவர் ராபர்ட் லண்டிடம் மூத்த துணைத் தலைவர் ஜெரால்ட் மேசன் சொன்னது இன்று உலகம் முழுக்கப் பொறியியல் அறநெறி வகுப்புகளில் சொல்லப்படுகிறது: பொறியாளர் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள். லண்ட் போட்டுக்கொண்டார். ஏவலாம் என்று ஃபேக்ஸ் போனது.

ஏவுதளத்தில் இருந்த தயாகால் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் அதில் கையெழுத்திட மறுத்தார். ஏதாவது நடந்தால் விசாரணைக் குழுவின் முன்னால் நின்று ஏன் ஏவினேன் என்று விளக்கும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை என்றார். யூட்டாவில் இருந்த ஜோ கில்மின்ஸ்டர் கையெழுத்திட்டார். அந்த இரவு இப்படி ஒரு வாக்குவாதம் நடந்ததே நாசாவில் இறுதி முடிவு எடுக்கும் மேலதிகாரிகளுக்குப் போய்ச் சேரவில்லை.

மறுநாள் காலை யூட்டாவில் எபலிங்கும் போஷொலேயும் திரையின் முன் இருந்தார்கள். வெடித்தால் பற்றவைத்த கணத்திலேயே ஏவுதளத்தில் வெடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஓடம் மேலே எழும்பியதும் மூச்சு வந்தது. அறுபதாவது நொடியில் எபலிங், இப்போதுதான் கடவுளுக்கு நன்றி சொல்லி முடித்தேன் என்றார். பதின்மூன்று நொடி பாக்கி இருந்தது.

அன்று கோடிக்கணக்கானோரைத் துக்கம் பிடித்தது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை அதில் இருந்தார். அவர் போவதால் எத்தனையோ வகுப்பறைகளில் பிள்ளைகள் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துக்கம் கோபமானது இரண்டு வாரம் கழித்து. பிப்ரவரி 9 அன்று நியூயார்க் டைம்ஸ், ரிச்சர்ட் குக் என்ற நாசாவின் வரவுசெலவு அலுவலர் முந்தைய ஜூலையிலேயே வளையங்கள் பற்றி எழுதிய குறிப்பை வெளியிட்டது. அவர் பொறியாளர்கூட அல்ல, கணக்குப் பார்ப்பவர். அவருக்கே தெரிந்திருக்கிறது! மறுநாள் விசாரணை ஆணையத்தின் மூடிய அமர்வில், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மெக்டொனால்ட் எழுந்து, நாங்கள் ஏவ வேண்டாம் என்றுதான் பரிந்துரைத்தோம் என்று சொன்னார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவராக எழுந்தார். பிப்ரவரி 11 அன்று ரிச்சர்ட் ஃபைன்மேன் ரப்பர்த் துண்டு ஒன்றைப் பனிநீர்க் கோப்பையில் முக்கி எடுத்து, குளிரில் அது பழைய வடிவத்துக்குத் திரும்ப மறுப்பதைத் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் காட்டினார்.

அந்தப் பனிநீர்க் காட்சிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஆணையத்தில் இருந்த விண்வெளி வீராங்கனை சாலி ரைட், குளிரில் வளையம் எப்படி நடந்துகொள்ளும் என்ற நாசா தரவு இருந்த ஒரு தாளை, வாய் திறக்காமல், சக உறுப்பினரான ஜெனரல் டொனால்ட் குட்டினாவின் கையில் வைத்தார். குட்டினா அதை யார் தந்தார் என்று காட்டிக்கொள்ளாமல், பேச்சுவாக்கில் கார் கார்புரேட்டர் பற்றிப் பேசி ஃபைன்மேனின் மூளையில் விதைபோட்டார். 2012இல் சாலி ரைட் இறந்த பிறகுதான் குட்டினா இதை வெளியே சொன்னார். எச்சரிக்கைகள் மேலே போகவில்லை என்று கண்டுபிடிப்பதற்காகவே போடப்பட்ட ஆணையம் அது. அதற்குள்ளேயே உண்மை இப்படிப் பதுங்கிப் பதுங்கித்தான் நகர வேண்டியிருந்தது.

கோபம் கேலியாகவும் கசிந்தது. நாசா என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை "இன்னும் ஏழு விண்வெளி வீரர்கள் தேவை" என்று விரிக்கும் ஜோக் சில வாரங்களில் பள்ளிகளெல்லாம் பரவியது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் அதையும் விடாமல் கட்டுரை எழுதினார்கள். பயணிகள் அறை வெடிப்பில் சிதறவில்லை, இரண்டு நிமிடத்துக்கும் மேல் விழுந்துகொண்டிருந்து கடலில் மோதியது, அவசரக் காற்றுப் பைகளில் சில இயக்கப்பட்டிருந்தன என்று ஜூலையில் தெரியவந்தபோது, நொடியில் முடிந்துவிட்டது என்ற ஆறுதலும் போனது.

அந்தக் கோபத்தால் நன்மை விளைந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சாட்சியம் சொன்ன பிறகு மெக்டொனால்டைத் தயாகால் முக்கியப் பொறுப்பிலிருந்து ஓரங்கட்டியது. செய்தி பரவி, காங்கிரஸ் உறுப்பினர்கள் ஒப்பந்தத்தையே நிறுத்துவோம் என்று மிரட்டிய பிறகு அவரைத் திரும்ப அழைத்து, இணைப்பை மறுவடிவமைக்கும் பணிக்குத் தலைமையேற்க வைத்தார்கள். ஊர் கோபப்படாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் ஏதோ ஒரு மூலை மேசையில் ஓய்வு பெற்றிருப்பார். அதே சமயம் யூட்டாவில் வேறொரு கோபமும் இருந்தது. நீ இந்த கம்பெனியை ஒழித்தால் என் பிள்ளைகளை உன் வீட்டு வாசலில் விட்டுவிடுவேன் என்று சக ஊழியர் ஒருவர் தன்னிடம் சொன்னதாகப் போஷொலே பின்னாளில் நினைவுகூர்ந்தார். சொன்னவரைக் கொடியவர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

மக்களின் கோபம் மொத்தமும் போய்க் குவிந்தது அந்த ஓர் இரவின்மேல். தொப்பி, ஏப்ரல், ஃபேக்ஸ் என்று நாடகம் பார்ப்பதுபோல மனசில் நிற்கும் காட்சிகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் ஆணையத்தின் அறிக்கையில் ஆறாம் அத்தியாயத்தின் தலைப்பு, வரலாற்றில் வேரூன்றிய விபத்து என்பது. நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதைத்தான். அங்கே வில்லன் என்று ஒருவரைக் காட்டுவது கஷ்டம்.

1977இல், ஓடம் பறப்பதற்கு நான்கு ஆண்டு முன்பே, சோதனையில் இணைப்பு விரிவது தெரிந்தது. மார்ஷல் பொறியாளர்கள் ஆட்சேபித்துக் குறிப்பு எழுதினார்கள். 1981 நவம்பரில், இரண்டாவது பறப்பிலேயே, வளையத்தில் அரிப்பு. 1982 டிசம்பரில் அந்த இணைப்பின் வகைப்பாட்டை மாற்றினார்கள். அதுவரை மாற்று ஏற்பாடு உள்ள பாகம் என்றிருந்தது, இனி மாற்று இல்லாத பாகம். அதாவது இரண்டாம் வளையத்தை நம்ப முடியாது, முதலாவது போனால் எல்லாம் போச்சு. இதை அவர்களே எழுதிக் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் அதற்கு விதிவிலக்கும் வழங்கினார்கள். விதி இருந்ததால்தான் விதிவிலக்கு தேவைப்பட்டது, படிவம் ஒழுங்காக நிரப்பப்பட்டது. 1985 ஏப்ரலில் பறந்த ஒன்றில், முனைக்குழல் இணைப்பில் முதல் வளையம் முழுசாக எரிந்து இரண்டாவதும் அரிபட்டிருந்தது. உடனே, இது சரியாகும்வரை பறக்கக் கூடாது என்று ஏவுதல் தடை பதிவானது. கடுமையான நடவடிக்கைதான். பிறகு ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் முல்லாய் அந்தத் தடையை விலக்கினார். வரிசையாக ஆறு முறை. அதற்கடுத்தது சாலஞ்சர்.

ஒவ்வொரு படியிலும் காரணம் இருந்தது. வளையம் மூன்றில் ஒரு பங்கு அரிபட்டாலும் அடைப்பு தாங்குகிறது, ஆகவே பாதுகாப்பு விளிம்பு மூன்று மடங்கு என்றார்கள். ஃபைன்மேன் இதைத்தான் பிய்த்து எறிந்தார். ஒரு பாலத்தின் உத்தரம் அது தாங்க வேண்டிய சாதாரண எடையிலேயே மூன்றில் ஒரு பங்கு விரிந்தால் அது விளிம்பு அல்ல, வடிவமைப்பின் தோல்வி. அரிபடவே கூடாத வளையம் அது. வழுக்கை டயரோடு பத்து முறை ஊருக்குப் போய் வந்தவர், டயர் தாங்குது பாருங்க என்று சொல்வது மாதிரி.

தொடக்கத்தில் சொன்ன பதிவை மூடச் சொல்லி 1985 டிசம்பர் 10 தேதியிட்ட கடிதம் ஒன்று நாசாவுக்குப் போனது. அதில் இருக்கும் கையெழுத்து ஆலன் மெக்டொனால்டினுடையது. ஆமாம், அதே மெக்டொனால்ட். ஏழு வாரம் கழித்து ஃபேக்ஸில் கையெழுத்திட மறுத்தவர். அதை முதன்முதலில் படித்தபோது வேறு ஆளாக இருக்கும் என்று நினைத்துப் பெயரை மறுபடி சரிபார்த்தேன். இதனால் அவர் எனக்குச் சின்னவராகிவிடவில்லை. இத்தனை நேர்மையும் துணிச்சலும் உள்ள ஒருவரின் மேசையிலும், சாதாரண ஒரு டிசம்பர் நாளில், அது இன்னொரு காகிதம். திறந்து கிடக்கும் பழைய பதிவுகளைக் குறைக்கும் அலுவல். அந்த இரவைப் பார்த்துக் கோபப்பட நம்மால் முடிகிறது. இந்த டிசம்பர் மதியத்தைப் பார்த்துக் கோபப்படத் தெரியவில்லை.

27 இரவுக் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பு உண்டு என்று பொறியாளர்கள் சொன்னார்கள். ஆனால் 24 டிகிரியில் பறந்த ஒன்றிலும் புகை தாண்டியிருக்கிறதே என்று எதிர்க்கேள்வி வந்தது. அது உண்மை. அன்று யாரும் மேசைமேல் வைக்காதது, சேதமே ஆகாத பறப்புகளின் கணக்கு. அதையும் சேர்த்துப் பின்னாளில் ஆணையம் வரைந்தபோது படம் பளிச்சென்று தெரிந்தது. சுமார் 19 டிகிரிக்கு மேல் பறந்த இருபதில் மூன்றில்தான் சேதம். அதற்குக் கீழே பறந்தது நான்கு, நான்கிலும் சேதம். வரைபடத்தை அவர்கள் சரியாகப் போட்டிருந்தால் ஏழு பேர் பிழைத்திருப்பார்கள் என்று சில மேதைகள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. சில மணி நேர அவகாசத்தில் தயாரித்த தாள்கள் அவை. அதோடு, பறப்பது பாதுகாப்பானது என்று நிரூபி என்பதுதான் வழக்கமான கேள்வி. அன்றைக்கு அது தலைகீழாகி, பாதுகாப்பற்றது என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபி என்றானது. இதைப் போஷொலேயே சாட்சியத்தில் சொன்னார். அந்தக் கேள்விக்கு எந்த வரைபடம் போதும்?

டயான் வான் என்ற சமூகவியலாளர் 1996இல் இதைப் பற்றித் தடிமனான புத்தகம் ஒன்று எழுதினார். மேலாளர்கள் விதிகளை மீறினார்கள் என்று காட்டத்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தோண்டத் தோண்ட, அவர்கள் விதிகளைப் பின்பற்றியிருந்ததுதான் கிடைத்தது. பிறழ்வு கொஞ்சம் கொஞ்சமாக இயல்பாகிவிடுவதை அவர் விவரித்த விதம் இன்று நம் ஆபிஸ் பேச்சிலும் புழங்குகிறது. அவரைப் படித்துவிட்டு மேலாளர்களை மன்னித்துவிட்டேனா என்றால், இல்லை. 2020இல் வந்த ஓர் ஆவணத் தொடரில், மார்ஷல் மையத்தின் அன்றைய இயக்குநர் வில்லியம் லூக்கஸ் பேசுகிறார். தொண்ணூறைத் தாண்டிய முதியவர். அன்று இருந்த தகவல்களோடு மறுபடி முடிவெடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன் என்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. இன்னொரு பக்கம் எபலிங், முப்பது வருஷம் கழித்தும், கடவுள் இந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது என்று வானொலியில் சொன்னார். முடிந்ததையெல்லாம் செய்தவர் குற்றவுணர்வில் வெந்தார், அதிகாரத்தில் இருந்தவர் நிம்மதியாகத் தூங்கினார். இந்தக் கணக்கு எந்த சமூகவியலாலும் எனக்கு நேராகவில்லை.

இணைப்பைப் பிரமாதமாகச் சரிசெய்தார்கள். மூன்றாவது வளையம் வந்தது, குளிரில் விறைக்காமலிருக்க ஹீட்டர் வந்தது. 1988 செப்டம்பரில் மறுபடி பறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வளையம் யார் உயிரையும் வாங்கவில்லை. அடுத்த எச்சரிக்கை வேறொரு பாகத்திலிருந்து வந்தது. ஓடத்தின் பெரிய எரிபொருள் தொட்டியைப் போர்த்தியிருக்கும் நுரை உதிர்ந்து ஓடத்தின்மேல் விழுவது 1981இல் முதல் பறப்பிலிருந்தே நடந்தது. விழவே கூடாது என்பது விதி. விழுந்துகொண்டே இருந்தது. காலப்போக்கில் அது பராமரிப்பு வேலைப் பட்டியலில் ஒரு வரியானது.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பிய 82ஆவது நொடியில், முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. கல்பனா சாவ்லா சென்ற பறப்பு. அவர் பெயரில் தமிழக அரசு ஒவ்வோர் ஆண்டும் துணிவுக்கான விருது தருகிறது. அவர்கள் இறந்த செய்தி வந்தபோது எங்கள் பள்ளியில் மௌன அஞ்சலி செலுத்தினோம். எங்களுக்கு அது விபத்து. எச்சரிக்கை என்ற சொல் அப்போது எங்கள் காதுவரை வரவில்லை.

அமெரிக்காவில் வந்தது. வீடியோவைப் பார்த்த பொறியாளர்கள், உளவுச் செயற்கைக்கோளைக் கொண்டாவது இறக்கையைப் படம் எடுத்துத் தாருங்கள் என்று மூன்று தடவை முயன்றார்கள். மூன்றும் முறிந்தன. ராட்னி ரோச்சா என்ற பொறியாளர், படம் கேட்காமல் விடுவது தவறு என்று காட்டமான மெயில் ஒன்றை எழுதினார். மேலே அனுப்பவில்லை. படிநிலையில் தனக்கு மிக மேலே இருப்பவர்களுக்கு நேரடியாக எழுதுவது வழக்கமில்லை என்பது அவர் சொன்ன காரணம். விசாரணை வாரியம் தன் அறிக்கையில் சாலஞ்சரின் எதிரொலி கேட்கிறது என்று எழுதியது. ஜூலையில் டெக்சஸில் அதே மாதிரி நுரைத் துண்டை அதே மாதிரி இறக்கைப் பலகைமேல் சுட்டுப் பார்த்தபோது, ஒரு மனிதத் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது.

அந்தப் பறப்பில் இருந்தவர்களுக்கு நுரை மோதியது தெரியுமா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. தெரியும். 2003 ஜனவரி 23 அன்று தரைக் கட்டுப்பாட்டிலிருந்து தளபதிக்கும் விமானிக்கும் மெயில் போயிருக்கிறது. பூமிக்குத் திரும்புவதில் எந்தக் கவலையும் இல்லை, இதே மாதிரி இதற்கு முன்பும் பல பறப்புகளில் பார்த்திருக்கிறோம் என்று அதில் இருந்தது. சொல்லும் அளவுக்கே முக்கியமில்லாத விஷயம்தான், ஆனால் நேர்காணலில் நிருபர் யாராவது கேட்டால் நீங்கள் திகைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறோம் என்றும் இருந்தது. தளபதி ரிக் ஹஸ்பண்ட், ரொம்ப நன்றி என்று பதில் எழுதினார்.